ஆபத்து என்று அழுத்தியவள்

வேல்விழிக்கு மூச்சிரைப்பு வந்தது முப்பதாவது வயதில். அதற்கு முன் பன்னிரண்டு வருஷம் அவள் பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னினாள். ஏழாயிரம்பண்ணையில் காலை ஏழு மணிக்கு வேன் ஏறினால், சீமைக்கருவேலங்காட்டுக்கு நடுவே தள்ளித் தள்ளிக் கட்டியிருக்கும் அறைகளில் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். வெடிகளை மடியில் பரப்பிக்கொண்டு, திரியோடு திரி சேர்த்து, சடை பின்னுவதுபோலப் பின்ன வேண்டும். கை பழகிவிட்டால் வாய் பேசிக்கொண்டே இருக்கலாம். எதிரே உட்கார்ந்து பின்னுகிறவள் கருப்பம்மாள். அதே தெருக்காரி, எட்டு வயது மூத்தவள். வேல்விழி அவளை மதினி என்பாள். உறவு ஒன்றும் கிடையாது, கூப்பிட்டுக் கூப்பிட்டு உறவாகிவிட்டது.

வேலை பார்த்துக்கொண்டே வேல்விழி தபாலில் பி.ஏ. தமிழ் படித்தாள். பரீட்சை நெருங்கும் வாரங்களில் அவள் பங்குச் சரத்தையும் சேர்த்துப் பின்னிக் கொடுத்தவள் கருப்பம்மாள். வேன் ஓட்டுகிற பிரபாகரனை அவளுக்குப் பேசி முடித்ததும் கருப்பம்மாளும், வேல்விழி அண்ணே என்று கூப்பிடும் அவள் புருஷன் சோலைமலையும்தான். சோலைமலை அப்போது அதே கம்பெனியில் போர்மேனாக இருந்தார். பிறகு வளைகுடா நாடு ஒன்றில் கட்டட வேலைக்குச் சாமான் எடுத்துக் கொடுக்கும் ஸ்டோர் கீப்பராகப் போய்விட்டார்.

"மருந்துத் தூசி இருக்கிற பக்கமே போகக் கூடாதும்மா" என்று சாத்தூர் டாக்டர் சொன்ன பிறகு வேல்விழி மூன்று மாதம் வீட்டில் இருந்தாள். அப்போதுதான் விருதுநகரில் தமிழ் படித்த பெண்களுக்குக் கம்ப்யூட்டர் வேலை இருக்கிறது என்று கேள்விப்பட்டாள்.

ஜவுளிக்கடை ஒன்றின் மாடியில் இருந்தது அந்த ஆபீஸ். வாசலில் போர்டு கிடையாது. உள்ளே போகும்போது கைப்பேசியை ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். இருபது பெண்கள் இருபது திரைகளுக்கு முன் உட்கார்ந்திருந்தார்கள். மேற்பார்வைக்கு மாணிக்கராஜ் என்று ஒரு இளைஞன். வேல்விழியைவிடச் சின்னவன், எல்லோரையும் அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

வேலையை அவன் எளிதாகச் சொல்லிக் கொடுத்தான். திரையில் யாரோ யாருக்கோ பேசிய தமிழ்ப் பேச்சு எழுத்தாக வரும். பெயர்களும் ஊர்களும் அழிக்கப்பட்டிருக்கும். கீழே நான்கு பொத்தான்கள்: சாதாரணம், சந்தேகம், ஆபத்து, புரியவில்லை. படித்துவிட்டு ஒன்றை அழுத்த வேண்டும். ஒரே பேச்சை மூன்று பேருக்குக் காட்டுவார்கள்.

"நீங்க அழுத்துறதப் பாத்துத்தான் ஏ.ஐ. கத்துக்கிடும்க்கா. அப்புறம் கோடிக்கணக்கான பேச்சை அதுவே பாத்துக்கிடும். குண்டு வைக்கிறவன், கலவரம் பண்றவன், எல்லாரையும் முன்கூட்டியே கண்டுபிடிச்சிரும்."

"எந்த நாட்டுக்கு, சார்?"

"எனக்கே தெரியாதுக்கா. நமக்கு மேல ஒரு கம்பெனி, அதுக்கு மேல ஒரு கம்பெனி. ஏதோ கவர்மெண்டுகளுக்குக் குடுக்காக."

நல்ல காரியம்தான் என்று வேல்விழிக்குத் தோன்றியது. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, சுத்தமான உடுப்போடு, படித்த தமிழுக்கு ஒரு வேலை. முதல் வாரம் உற்சாகமாகப் போனது. இரண்டாம் வாரம் மாணிக்கராஜ் அவளைக் கூப்பிட்டான்.

"அக்கா, உங்க ஸ்கோர் அறுபத்தி ஒண்ணுல நிக்கிது. சீக்கிரம் எண்பதைத் தொடலைன்னா அக்கவுண்டை மூடிருவாக."

ஒவ்வொரு நூறு பேச்சிலும் பத்து, பரீட்சைக்காக வைத்தவை. அவற்றுக்குச் சரியான விடை மேலிடத்தில் ஏற்கெனவே இருந்தது. எதில் தவறினாள் என்று அவன் காட்டினான். ஒன்றில், 'மழை வந்தா மருந்து நமுத்துப் போகும், குண்டை இன்னைக்கே லோடு ஏத்தி அனுப்பிரு' என்று இருந்தது. அவள் சாதாரணம் என்று அழுத்தியிருந்தாள். விடை ஆபத்து.

"சார், இது அணுகுண்டு வெடி. நம்ம ஊருல சணல் சுத்திச் செய்வாகளே, அது. மழைக்காலத்துல எந்தக் கம்பெனியிலயும் இப்படித்தான பேசுவாக?"

"எனக்குத் தெரியும்க்கா, எங்கய்யாவும் பட்டாசுக் கம்பெனி கணக்கப்பிள்ளைதான். ஆனா விடையை எழுதினவனுக்குத் தெரியாதுல்லா? அவன் எந்த ஊர்க்காரனோ."

"அப்ப அவனுக்குச் சொல்லுங்க."

"சொல்ற வசதியெல்லாம் நமக்குக் கிடையாது. நீங்க விடைக்குத் தக்கனப் போடுங்க. குண்டு, மருந்து, வெடின்னு வந்து, கூட்டம்னோ நேரம்னோ ஒண்ணு சேந்து வந்துச்சுன்னா யோசிக்காதீக. ஆபத்து."

இரண்டு நாள் அவள் கேட்கவில்லை. தனக்குத் தெரிந்ததையே அழுத்தினாள். ஸ்கோர் ஐம்பத்தெட்டுக்கு இறங்கியது. பக்கத்துத் திரைக்காரி அந்த வாரம் வேலையை இழந்து, சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு அழுதபடி படியிறங்கிப் போனாள். மூன்றாம் நாள் வேல்விழி, லட்சுமி வெடியைப் பற்றிய ஒரு பேச்சுக்கு ஆபத்து என்று அழுத்தினாள். அடுத்த நாள் அது அவ்வளவு கஷ்டமாக இல்லை. ஒரு மாதத்தில் ஸ்கோர் தொண்ணூற்று ஏழு.

தை மாதம் அவளை, புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் இடத்தில் வைத்தார்கள். எட்டுப் பெண்களுக்கு அவள் பாடம் எடுத்தாள். அவர்களில் எழில் என்ற சின்னப் பெண், அச்சங்குளத்துக்காரி, அவள் கேட்ட அதே கேள்வியைக் கேட்டாள்: "அக்கா, இது நம்ம வெடிதான?" வேல்விழி, மாணிக்கராஜ் சொன்ன அதே வார்த்தைகளைச் சொன்னாள். குண்டு, மருந்து, கூட்டம், நேரம். யோசிக்காதே.

பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை, சாப்பாட்டு வேளைக்குச் சற்று முன்பு, இப்படி ஒன்று திரையில் வந்தது.

'பொங்கலன்னைக்கு சனம் மொத்தமும் கோயில் வாசல்ல கூடட்டும். அப்புறம் வைங்க. ஒண்ணு வச்சா ஆத்தா கண்ணு கூசணும். மருந்துல கஞ்சத்தனம் பண்ணாத.'

அம்மன் கோயில் பொங்கலுக்கு வாணவெடி போடச் சொல்கிறான், நம்ம பக்கத்து ஆள்தான் எவனோ என்று அவளுக்கு அப்போதே தெரிந்தது. ஆத்தா கண்ணு கூசணும் என்பதைப் படித்து லேசாகச் சிரிப்புக்கூட வந்தது. ஆபத்து என்பதை அழுத்திவிட்டுச் சாப்பிடப் போனாள்.

ஏறக்குறைய மூன்று வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கருப்பம்மாள் தலைகூட முடியாமல் வந்து நின்றாள். பின்னால் அவள் தம்பி முனியசாமி.

"வேலு, உங்க அண்ணனைப் பிடிச்சிட்டுப் போயிட்டாகளாம் தாயி. கூட இருக்கிறவரு இன்னைக்குத்தான் போன் பண்ணுனாரு. வெள்ளிக்கிழமையோட ரெண்டு வாரமாச்சாம். ரூமுக்கு வந்து கூட்டிட்டுப் போனாகளாம். எங்கன வச்சிருக்காகன்னு தெரியல."

"எதுக்காம் மதினி?"

"குண்டு வைக்கப் போறாருன்னாகளாம். உங்க அண்ணன்!"

முனியசாமி கைப்பேசியை நீட்டினான். "மாமா எனக்கு அனுப்புன பேச்சுதான்க்கா காரணம்னு அந்த ஆளு சொல்றாரு. கோயில் பொங்கலுக்கு வெடி போடுறதப் பத்தி அனுப்பியிருந்தாரு. வேற ஒண்ணும் இல்ல. நீங்களே கேளுங்க."

சோலைமலையின் குரல் கூடத்தில் கேட்டது. பொங்கலன்னைக்குச் சனம் மொத்தமும் கோயில் வாசலில் கூடட்டும் என்றது. அப்புறம் வைங்கலே என்றது. ஆத்தா கண்ணு கூசணும் என்று சொல்லிவிட்டு, அவர் வழக்கமாகச் சிரிக்கிற மாதிரி, மூச்சை இழுத்து இழுத்துச் சிரித்தார். பின்னால் யாரோ, "என்ன சோலை, வேட்டு இங்கன வரை கேக்குமா?" என்று கேட்பதும், அவர் "கேக்கும், கேக்கும்" என்பதும் இருந்தது. திரையில் வந்த எழுத்தில் அந்தச் சிரிப்பு இல்லை. பின்னால் பேசியவரும் இல்லை.

வேல்விழிக்கு மூச்சு இழுத்துக்கொண்டது. கருப்பம்மாள் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து, அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். "நீ பயப்படாத தாயி, நீ படிச்சவ, நீதான் எங்களுக்கு வழி சொல்லணும்" என்றாள்.

அவர்கள் போன பிறகு வேல்விழி நாட்களை எண்ணிப் பார்த்தாள். அவள் அழுத்தியது செவ்வாய்க்கிழமை. அவரைக் கொண்டுபோனது அந்த வார வெள்ளிக்கிழமை. அவள் அழுத்தியதால்தான் கொண்டுபோனார்களா, அல்லது மிஷின் முன்பே கண்டுபிடித்துவிட்டுச் சரிபார்க்க மட்டும் அவளிடம் அனுப்பியதா, தெரியவில்லை. யாரைக் கேட்பதென்றும் தெரியவில்லை. பிரபாகரனிடம் சொன்னாள்.

"வெளிய சொல்லாத புள்ள. நீ வாயத் திறந்தா அவரு வந்துருவாரா? இல்லல்ல? தெருவுல நாம இருக்க முடியாது."

மறுநாள் ஆபீஸில் மாணிக்கராஜைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். அவன் முகம் வெளுத்துவிட்டது.

"அக்கா, ஆளை அடையாளம் தெரிஞ்சுதுன்னு வெளிய சொன்னாலே கேஸ். சேரும்போது கையெழுத்துப் போட்டிருக்கீக."

"கேஸ் போடட்டும் சார். அது வாணவெடி. ஒரு வரி எழுதிப் போடுங்க. பாவம், அவரு ஒரு எறும்பைக்கூட மிதிக்க மாட்டாரு."

"யாருக்குக்கா எழுத? எனக்கு மேல இருக்கிறவன் பேருகூட எனக்குத் தெரியாது. ஸ்கோர் மட்டுந்தான் அங்கன இருந்து வருது."

அவன் பொய் சொல்லவில்லை என்பது அவளுக்குப் புரிந்தது. திரையின் ஓரத்தில், கருத்துச் சொல்ல ஒரு சின்னக் கட்டம் இருக்கும். யாரும் அதைத் தொடுவதில்லை. அன்று முழுவதும் அவள் வேறு வேலை பார்க்கவில்லை. ஒவ்வொரு பேச்சுக்கும் அந்தக் கட்டத்தில் ஒரே செய்தியை எழுதினாள். பங்குனிப் பொங்கல் பேச்சு, கோயில் பொங்கலுக்குப் போடும் வாணவெடி பற்றியது, ஆபத்து என்று அழுத்தியது தவறு, திருத்துங்கள். ஒவ்வொரு தடவையும் 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று பதில் வந்தது. நாற்பதாவது தடவைக்குப் பிறகு திரை அணைந்தது. அடுத்த நாள் அவள் அக்கவுண்டைத் திறக்க முடியவில்லை.

கருப்பம்மாளிடம், உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை, நின்றுவிட்டேன் என்று சொன்னாள்.

அடுத்த திங்கட்கிழமை இருவரும் விருதுநகர் கலெக்டர் ஆபீஸில் குறைதீர் கூட்டத்துக்குப் போனார்கள். மனுவை வேல்விழியே எழுதியிருந்தாள். நான்கு பக்கம். குண்டு என்றால் எங்கள் பகுதியில் சணல் சுற்றிய வெடி. மருந்து என்றால் வெடிக்குள் அடைக்கும் பொடி. ஆத்தா என்றால் அம்மன். கண் கூச வேண்டும் என்றால், வாணம் நல்ல வெளிச்சமாக இருக்க வேண்டும் என்று பொருள். இப்படி ஒவ்வொரு சொல்லுக்கும் விளக்கம் எழுதி, கோயில் திருவிழா நோட்டீஸையும் சேர்த்து வைத்திருந்தாள். மனுவை வாங்கிய அதிகாரி நின்று படித்தார்.

"ரொம்பத் தெளிவா எழுதியிருக்கீங்கம்மா. எது எதைத் தப்பா எடுத்துக்கிட்டிருப்பாங்கன்னு எப்படி உங்களுக்குத் தெரிஞ்சது?"

கருப்பம்மாள்தான் முந்திக்கொண்டு சொன்னாள்: "அவ தமிழ் பி.ஏ.ங்கய்யா."

அதிகாரி அன்றைக்கே தில்லிக்கு அனுப்பிவிடுவதாகச் சொன்னார், அனுப்பியும் விட்டார். அதற்கு மேல் அது அவர் கையில் இல்லை. பிறகு இருவரும் மதுரைக்குப் போனார்கள். வக்கீலைப் பார்த்தார்கள். ஒரு எம்.பி.யின் ஆபீஸ் வாசலில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். பஸ்ஸில் கருப்பம்மாள் அவள் தோளில் சாய்ந்து தூங்குவாள். தூக்கத்தில் சில நேரம் அழுவாள். வேல்விழி, இறங்கியதும் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பாள். இறங்கியதும், நாளைக்குச் சொல்லலாம் என்று தோன்றும். சித்திரை, வைகாசி, ஆனி என்று மாதங்கள் போயின.

சோலைமலை ஐப்பசியில் திரும்பி வந்தார். குற்றம் ஒன்றும் நிரூபணமாகவில்லை என்று விமானத்தில் ஏற்றிவிட்டார்களாம். இனி அந்த நாட்டுக்குள் வரக் கூடாது என்று பாஸ்போர்ட்டில் முத்திரை இருந்தது. மதுரை விமான நிலையத்துக்குப் பிரபாகரன்தான் வேனை எடுத்துக்கொண்டு போனான். கூட்டத்தில் அவரை முதலில் அடையாளம் தெரியவில்லை என்று வந்து சொன்னான். பாதியாக இளைத்திருந்தார். வேனில் பிரபாகரனின் கைப்பேசி மணி அடித்தபோது, "அதை வெளிய வச்சிரு மாப்பிள்ள" என்றார்.

நான்காம் நாள் வேல்விழி அவர்கள் வீட்டுக்குப் போனாள். பிரபாகரன் வேண்டாம் என்றான். போனாள். சோலைமலை கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கருப்பம்மாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "வா தாயி, உக்காரு" என்றாள். வேல்விழி உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். மாடி ஆபீஸ், நான்கு பொத்தான்கள், செவ்வாய்க்கிழமை. வெடிதான் என்று தெரிந்தே அழுத்தியதையும் சொன்னாள்.

சோலைமலை கேட்டார். "மூணு பேரு பாப்பாகன்னு சொல்றியே. மத்த ரெண்டு பேரு என்ன போட்டாக?"

"தெரியாதுண்ணே. ஆனா ஆபத்துன்னுதான் போட்டிருப்பாக. அங்கன இருக்கிற பல பேருக்கு நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

அவர் தலையை ஆட்டினார். கோபம் எதுவும் தெரியவில்லை. யாரோ ஒருவருடைய சங்கதியைச் சொல்வதுபோலச் சொன்னார்.

"அங்கன என்னைய விசாரிச்சவனுக்குத் தமிழ் தெரியாது. ஒரு தாளை வச்சிருந்தான். அதுல எண்பத்தேழுன்னு போட்டிருந்துச்சு. நூத்துக்கு எண்பத்தேழு நீ குண்டு வைக்கிறவன்னான். கோயில்னு சொன்னேன், பொங்கல்னு சொன்னேன், இருபது வருசம் வெடிக் கம்பெனியில வேலை பாத்தவன்னு சொன்னேன். அதுதான் பெரிய தப்பாப் போச்சு. அதைச் சொன்னப்புறம் தூங்கவே விடல. என்ன சொன்னாலும் அந்த எண்பத்தேழைத் தொட்டுத் தொட்டுக் காட்டுவான். கடைசியில எனக்கே சந்தேகம் வந்திருச்சும்மா. நான் என்ன நினைச்சு அதைச் சொன்னேன்னு."

சுளகு நின்றிருந்தது. கருப்பம்மாள் வேல்விழியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கூட ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சியே. அப்பல்லாம் உனக்குத் தெரியுமா?"

"தெரியும் மதினி."

"மதுரையில அந்த வாசல்ல உக்காந்து அழுதேனே. அப்ப?"

"தெரியும்."

"என் தலையை மடியில வச்சுக்கிட்டியே."

கருப்பம்மாள் எழுந்து உள்ளே போனாள். திட்டவில்லை, மண்ணள்ளித் தூற்றவில்லை. அப்படி ஏதாவது செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று வேல்விழி இன்றைக்கும் நினைக்கிறாள். சோலைமலைதான், "நீ போம்மா" என்றார்.

விஷயம் தெருவுக்குத் தெரியவில்லை. அவர்கள் இருவருமே யாரிடமும் சொல்லவில்லை. சோலைமலை இப்போது ஆனைக்குட்டம் பக்கம் ஒரு தோட்டத்துக்குக் காவலுக்குப் போகிறார். கைப்பேசி வைத்துக்கொள்வதில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமானால் பக்கத்தில் வந்து, சுற்றிலும் பார்த்துவிட்டு, மெதுவாகச் சொல்கிறார். கருப்பம்மாள் வேறு கம்பெனிக்கு மாறிவிட்டாள். பிரபாகரன் ஓட்டும் வேனில் அவள் ஏறுவதில்லை.

வேல்விழி டாக்டர் சொன்னதையும் மீறிப் பட்டாசு வேலைக்கே திரும்பிவிட்டாள். மாடி ஆபீஸைப் போல இன்னும் இரண்டு இடம் வந்திருப்பதாகச் சொல்கிறார்கள். மாணிக்கராஜ் ஒரு தடவை கூப்பிட்டான். அவள் எடுக்கவில்லை. சாத்தூர் பஸ்ஸில் ஒரு நாள் எழிலைப் பார்த்தாள். எழில் இப்போது புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறாளாம். வேல்விழி நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள். எழில் பாதியிலேயே, "அக்கா, இதெல்லாம் எனக்குச் சொல்லாதீக. அப்புறம் என்னால உக்கார முடியாது" என்று எழுந்து முன் சீட்டுக்குப் போய்விட்டாள்.

காலையில் வேன்கள் வந்து நிற்கும் இடத்தில் கருப்பம்மாள் வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் நிற்கிறாள். வேல்விழி இந்தப் பக்கம், மூச்சுக்கான மருந்தை முந்தானையில் முடிந்துகொண்டு நிற்கிறாள். அவளைக் கடக்கும்போது தினமும், "வாரேன் மதினி" என்று சொல்கிறாள். கருப்பம்மாள் திரும்புவதில்லை. வேன் வந்ததும் ஏறிப் போய்விடுகிறாள்.